அக்காவிடம் பேச ஓர் ஆள்

மாலை ஆறு மணி அடித்தால் கோமதிநாயகத்தின் போன் ஒலிக்கும். அம்பாசமுத்திரத்திலிருந்து அக்கா ஆவுடையம்மாள். வாசல் தெளித்து, விளக்கேற்றி, நாற்காலியைக் கொல்லைப்புறம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தபின் கூப்பிடுவாள். எடுத்தால் முக்கால் மணி நேரம். எடுக்காவிட்டால் ஆறரைக்கு ஒரு தடவை, ஏழுக்கு ஒரு தடவை, அதன் பிறகு அவன் மனைவி தாரிணியின் போனுக்கு.

அவன் சென்னையில் வெள்ளநீர் வடிகால்களை வடிவமைக்கும் பிரிவில் மூத்த பொறியாளர். கடல் மட்டம் ஏற ஏற அவன் வேலையும் ஏறிக்கொண்டே வந்தது. பகல் முழுவதும் கூட்டம். அலுவலகம் முடிந்து கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தை அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம், பள்ளி நண்பர்கள், ஒப்பந்தக்காரர்கள், அக்கா என்று ஆளாளுக்குப் பிய்த்துக்கொண்டார்கள். மகள் மகிழ் பூப்பந்து மட்டையோடு கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

"உன் நேரத்துக்கு ஒரு கதவே இல்லடா. யார் வேணா உள்ள வந்து உக்காந்துக்கறாங்க," என்றான் அவனோடு வேலை பார்க்கும் இக்பால், சாப்பாட்டு மேசையில். "வாயிலோன் போட்டுக்கோ. நான் போட்டு ஒரு வருஷமாச்சு."

"அது என்ன செய்யும்?"

"உனக்கு வர்ற போனை எடுக்கும். உன் குரல்லயே பேசும். இத்தனை வருஷமா நீ யார்கிட்ட என்ன பேசின, எப்படிச் சிரிப்ப, எங்க இழுப்ப, எல்லாத்தையும் கேட்டுக் கத்துக்கும். என்ன பேசினாங்கன்னு உனக்கு ரெண்டு வரி அனுப்பும். அதுவும் வேணாம்னா அவசரத்துக்கு மட்டும் சொல்லுன்னு வச்சுக்கலாம்."

"கண்டுபிடிக்க மாட்டாங்களா?"

"என் மாமனார் கண்டுபிடிக்கல. முன்ன விட இப்ப எம்மேல பாசமா இருக்கார். போன பக்ரீத்துக்கு என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாரு. ஏன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது."

இக்பால் சிரித்தான். நாயகமும் சிரித்தான்.

ஒப்பந்தக்காரர்களையும் குடியிருப்புச் சங்கத்தையும் முதலில் வாயிலோனிடம் ஒப்படைத்தான். ஒரு வாரத்திலேயே மூச்சு விட முடிந்தது. பள்ளி நண்பர்களையும் சேர்த்தான். கடைசியில் அக்காவின் பெயர்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தாரிணி பார்த்துவிட்டாள்.

"அக்காவையுமா?"

"தினமும் ஒரே அழுகை தாரிணி. நான் என்ன செய்ய முடியும்?"

ஆவுடையம்மாளின் ஒரே மகள் பூரணி, தென்காசியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் கதிரேசனைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி. அவள் அப்பா சங்கரபாண்டியன், எனக்கு மகளே கிடையாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னபின் சொந்தத்தில் ஒருவரும் அந்த வீட்டில் பூரணி என்ற பெயரை உச்சரிக்கவில்லை. நாயகமும் உச்சரிக்கவில்லை. அக்கா போனில் அழுதால், "காலம் போனாச் சரியாப் போயிரும்க்கா, எனக்கு இப்ப மீட்டிங் இருக்கு" என்பான். மீட்டிங் இல்லாத நாட்களிலும் அதைச் சொல்லியிருக்கிறான்.

"நீ எடுக்கலைன்னாக்கூட அவங்க புரிஞ்சுப்பாங்க," என்றாள் தாரிணி. "எடுத்த மாதிரி காட்டுறதுதான் எனக்கு என்னமோ போல இருக்கு."

"எடுக்கலைன்னா வருத்தப்படுவா. இதுல அவளுக்கும் வருத்தமில்ல, எனக்கும் நேரம்."

முதல் நாள் மட்டும் காதில் மாட்டிக்கொண்டு கேட்டான். பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக வாங்கிய மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வாய்க்கால்வரை போன கதையை அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் குரல், அவன் சிரிப்பு. "அப்புறம் என்னக்கா ஆச்சு?" என்று அது கேட்டது. அக்காவிடம் தான் அப்படிக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று அவனுக்கு நினைவில்லை. காதிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தான். அவசரத்துக்கு மட்டும் சொன்னால் போதும் என்று குறித்தான். ஆஸ்பத்திரி, விபத்து, சாவு. பிறகு மகிழோடு கீழே இறங்கிப் போனான்.

அந்த மாதங்கள் நன்றாகவே இருந்தன. அதைச் சொல்லத்தான் வேண்டும். மகிழ் பந்தை வலைக்கு மேல் ஓங்கி அடிக்கக் கற்றுக்கொண்டாள். ஆடிவிட்டு அப்பாவும் மகளும் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டே படியில் உட்கார்ந்து பேசினார்கள். அவன் எடை குறைந்தது. இரவில் தூங்கினான். அக்காவின் நினைவு வந்தால், அவளிடம்தான் தினமும் பேசிக்கொண்டிருக்கிறோமே என்று ஒரு நிம்மதி தானாக வரும். அது தன் நிம்மதி இல்லை என்று தோன்றும்போது எழுந்து போய் வேறு ஏதாவது வேலை பார்ப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடித்தது. அத்தான் சங்கரபாண்டியன். அவர் என்றைக்கும் கூப்பிடுகிறவர் இல்லை. அதனால் வாயிலோனிடம் கொடுத்த பெயர்களில் அவர் பெயர் இருக்கவில்லை. நாயகமே எடுத்தான்.

"ஏல நாயகம், நல்லா இருக்கியா? நல்லாரு."

"சொல்லுங்க அத்தான்."

"நான் என்னத்தச் சொல்ல? நீதான் எல்லாம் சொல்லி முடிச்சிட்டியே. ஒங்க அக்கா பெட்டியத் தூக்கிக்கிட்டுத் தென்காசிக்குப் போயிட்டா. எங்கட்டி போறன்னு கேட்டா, எந்தம்பி போகச் சொன்னான், போறேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுதா. என் குடும்பத்துல தீர்ப்பு சொல்ல நீ யாருல?"

"அத்தான், நான் ஒண்ணும் சொல்லலியே."

"சாமி மேல சத்தியம் பண்ணு, சொல்லலைன்னு."

நாயகத்துக்கு அப்போதுதான் வாயிலோன் நினைவுக்கு வந்தது.

"பண்ண மாட்ட. எனக்குத் தெரியும். இனி அவ இந்தப் படி ஏறக்கூடாது. நீயும் ஏறக்கூடாது. அம்புட்டுதான்."

போன் வைத்த சத்தம் கேட்டது. தாரிணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நாயகம் வாயிலோன் நிறுவனத்தின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தான்.

மறுநாள் திரையில் அந்த நிறுவனத்துப் பெண் ஒருத்தி வந்தாள். ஷீபா என்று பெயர் சொன்னாள். நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு, ஆனால் அலுவலகத்துக்காகத் தேய்த்து எடுத்திருந்தாள். நாயகம் சத்தம் போட்டான். அனுமதி இல்லாமல் தன் பெயரில் எப்படி யோசனை சொல்லலாம் என்று கேட்டான். அவள் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"சார், நீங்க அனுமதி கொடுத்திருக்கீங்க. உறவினர்கிட்ட இயல்பா பேசலாம்னு நீங்கதான் குறிச்சிருக்கீங்க. அக்கா தம்பி இயல்பாப் பேசினா அதுல யோசனையும் வரும்தானே?"

"நான் அப்படிப்பட்ட ஆளே இல்லைங்க. அவ வீட்டு விஷயத்துல நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல. அது எங்கேயிருந்து எடுத்துச்சு?"

"உங்க பழைய பேச்சுல இருந்துதான் சார். வெளியில இருந்து எதையும் சேர்க்கிறதில்ல."

"நான் சொல்லவே இல்லைங்கிறேன்."

"சொல்லியிருக்க மாட்டீங்க. முதல்ல எல்லாம் போன்ல அக்காகிட்ட எப்படிப் பேசினீங்க, பிறகு எப்படிப் பேசினீங்க, எந்த இடத்துல பேச்சை முறிச்சீங்க, அதையெல்லாம் அது பாக்கும். முறிக்காம இருந்திருந்தா அடுத்து என்ன சொல்லியிருப்பீங்களோ அதைச் சொல்லப் பாக்கும். அவசரம் இல்லாத நீங்க என்ன சொல்வீங்களோ அது, அவ்வளவுதான்."

"அது தப்பாக்கூட இருக்கலாம்ல?"

"இருக்கலாம் சார். கேக்கறீங்களா?"

அவள் ஒரு பதிவை ஓடவிட்டாள்.

அக்காவின் குரல் வந்தது. "பேத்தி பொறந்து ஏழு மாசம் ஆச்சாம். பால்காரன் பொண்டாட்டி சொல்லித்தான் எனக்கே தெரியும். அதுக்கு மொகம் எப்படி இருக்கும்னு நெனச்சு நெனச்சுப் பாக்கேன் தம்பி. ஒண்ணும் வர மாட்டேங்கு."

பிறகு அழுகை. நாயகம் தன் குரலுக்காகக் காத்திருந்தான். அழாதக்கா என்று வரும், காலம் போனாச் சரியாகும் என்று வரும். ஒன்றும் வரவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவன் மூச்சு. அக்கா அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, தொண்டையைச் செருமிக்கொள்ளும்வரை அது பேசாமல் இருந்தது.

"ஒனக்குப் போவணும்னு இருக்காக்கா?"

"எப்படிப்பா போக? ஒங்க அத்தான்..."

"அத்தானைக் கேக்கல. ஒனக்கு."

நெடுநேரம் கழித்து, "இருக்கு" என்றாள் அக்கா.

"அப்பப் போ. யாரும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு. நான் ஒங்கூட நிக்கேன்."

ஷீபா அடுத்ததைத் தொட்டாள். அது அக்கா தென்காசிக்குப் போனபிறகு பேசியது. "புள்ளைக்குக் காது குத்தணும். தாய்மாமன் மடி வேணும்லா? பூரணிக்குக் கூடப்பொறந்தவன் கெடையாது. அவளுக்குத் தாய்மாமன் நீதான் இருக்க. வருவியா?" என்று அக்கா கேட்டாள். "இது என்னக்கா கேள்வி? நான்தான் மடியில வச்சுக்குவேன்" என்றது அவன் குரல். கேட்ட மாத்திரத்தில் சொன்னது. யோசிக்கவே இல்லை.

"உங்களுக்கு இதுல உடன்பாடு இல்லைன்னா, அந்தப் பேச்சு உங்களோடது இல்லைன்னு அவங்களுக்கு ஒரு விளக்கம் அனுப்பலாம் சார்," என்றாள் ஷீபா. "நிறைய பேர் அப்படித்தான் செய்யறாங்க. நாங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுவோம்."

"வேண்டாம்," என்றான் நாயகம்.

அவன் தென்காசிக்கு ரயில் ஏறியபோது, "நேர்ல சொல்லிடு. எவ்வளவு கஷ்டமா இருந்தாலும் சொல்லிடு" என்றாள் தாரிணி. "சொல்லத்தான் போறேன்" என்றான் அவன். வண்டியில் எப்படித் தொடங்குவது என்று பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

பூரணியின் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மாடியில் இரண்டு அறை. கதவைத் திறந்தவள் பூரணிதான். மெலிந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன் ஒரு தடவை அவனுக்குப் போன் செய்து, நீங்க சொன்னா அப்பா கேப்பாங்க மாமா என்று கெஞ்சியவள். அன்று அவன் ஏதோ சாக்குச் சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

"வாங்க மாமா," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒங்கள நான் தப்பா நெனச்சிருந்தேன். அம்மா எல்லாம் சொன்னாங்க. மன்னிச்சுக்கிடுங்க" என்றாள்.

அவளிடம் மன்னிப்பு கேட்க வேண்டியவன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான்.

அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கன்னத்தையும் தடவினாள். கையில் வெங்காய வாடை. "எளைச்சிட்டியேல. போன்ல நல்லாப் பேசுத, நேர்ல பாத்தா இப்படி இருக்க."

கதிரேசன் வேலைக்குப் போயிருந்தான். பூரணி குழந்தையைத் தூங்க வைக்க உள்ளறைக்குப் போனாள். இதுதான் சமயம் என்று நாயகம் அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, ஒன்கிட்ட ஒரு விசயம் பேசணும்."

"நானும் ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். சொல்லிருதேன், அப்புறம் மறந்துருவேன்." அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு நான் அழுதேம்லா? நீ ஒண்ணுமே பேசல. போனை வச்சிட்டியோன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா ஒன் மூச்சு கேக்கு. எங்கிட்ட அழாத அழாதன்னு சொல்லாதவுங்களே கெடையாது தம்பி. ஒருத்தரும் அழ விட மாட்டாவ. நீ விட்ட. அதுக்கப்புறந்தான் எனக்குப் புத்தி தெளிஞ்சது."

நாயகம் வெங்காயத் தோலைப் பொறுக்கிக் குவித்தான்.

"வீட்டுக்கு இனிப் போக முடியாதேக்கா," என்றான்.

"முடியாது." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "நெனப்பு வரத்தான் செய்யி. கல்யாணமாகிப் போன நாள்லருந்து நான் பெருக்குன வீடு. ஒங்க அத்தானுக்குச் சூடா ஒரு வாய் ரசம் வைக்க ஆளில்ல. அதை நெனச்சாத் தொண்டையில சோறு எறங்க மாட்டேங்கு. தப்புப் பண்ணிட்டோமோன்னுகூட ஒரு நேரம் தோணும். அப்ப நீ சொன்னத நெனச்சுக்கிடுவேன். எந்தம்பி எதையும் யோசிக்காமச் சொல்ல மாட்டான்னு நெனச்சுக்கிடுவேன். சரியாப் போயிரும்." அவன் முகத்தைப் பார்த்தாள். "நீ என்னமோ சொல்லணும்னியே?"

"ஒண்ணுமில்லக்கா. புள்ளைக்கு என்ன எடுக்கட்டும்னு கேக்கத்தான்."

காதுகுத்து ஒரு சிறிய கோயிலின் மண்டபத்தில் நடந்தது. கதிரேசனின் ஆட்கள் மண்டபம் நிறைய இருந்தார்கள். பெண் வீட்டுப் பக்கம் என்று அக்காவை விட்டால் நாயகம் ஒருவன்தான். அவன் உள்ளே வந்ததும், "தாய்மாமன் வந்தாச்சு, தாய்மாமன் வந்தாச்சு" என்று ஒரு பெரியவர் சத்தமாகச் சொன்னார். அந்த ஒற்றை ஆளுக்காகவே காத்திருந்தது போல மாலை போட்டார்கள், துண்டு போர்த்தினார்கள், மணையில் உட்கார வைத்தார்கள். துண்டு புதுசாக மொடமொடவென்று இருந்தது. பூரணி குழந்தையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். ஆதிரை என்று பெயர். அசப்பில் அவன் அக்காவின் நெற்றி. ஆசாரி ஊசியை எடுத்ததும் அது வீறிட்டு அழுதது. அவனுடைய கட்டைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவன் அதன் தலையைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்தான். "அழட்டும், அழட்டும்" என்று அக்கா பின்னாலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் அவனுக்கு நன்றி சொன்னார்கள். கதிரேசன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வருவீங்கன்னு நான் நம்பல சார்" என்றான். நாயகத்துக்கு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு வந்துவிட்டது போல உடம்பெல்லாம் கூசியது. மாலையைக் கழற்றி வைக்க இடம் தேடினான். நல்ல நேரம் முடியும்வரை கழற்றக் கூடாது என்றார்கள்.

சென்னைக்குத் திரும்பியதும் வாயிலோனிலிருந்து அக்காவின் பெயரை எடுத்துவிட்டான். சொல்லவில்லையா என்று தாரிணி கேட்டபோது, "இனிமே நானே பேசுவேன்" என்றான். அது கேள்விக்குப் பதில் இல்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஆறு மணிக்குப் போன் வரும். அவன் எடுப்பான். கவனமாகத்தான் கேட்கத் தொடங்குவான். கதிரேசனின் அம்மா புளிக்குழம்பில் வெல்லம் போடுகிறாள் என்று அக்கா சொல்லிக்கொண்டிருப்பாள். அவன் நினைப்பு அன்றைய கூட்டத்துக்குப் போய்விடும். திரும்பி வரும்போது பேச்சு வேறெங்கோ இருக்கும். "ம்" என்பான். "அப்படியா" என்பான். அவள் வீட்டைப் பற்றி வருத்தப்பட்டால் பொறுக்க முடியாமல், "ஒரு வக்கீலைப் பாப்போம்க்கா, அந்த வீட்டுல ஒனக்கும் உரிமை இருக்கு" என்று முடித்துவைக்கப் பார்ப்பான். அக்கா பேச்சை மாற்றிவிடுவாள். "அன்னைக்குச் சொன்னேம்லா, அந்த டீச்சர், அவா இன்னைக்கும் வந்தா" என்பாள். எந்த டீச்சர் என்று அவனுக்குத் தெரியாது. "ஆமா ஆமா" என்பான்.

மகிழ் இரண்டு மூன்று நாள் மட்டையோடு வந்து நின்றாள். அவன் போனைக் காட்டிக் கையசைத்தான். பிறகு அவள் வந்து நிற்பதை நிறுத்திவிட்டாள். மழைக்காலம் தொடங்கி, வடிகால் ஒன்று அடைத்துக்கொண்டு, அலுவலகத்திலிருந்தும் அதே நேரத்துக்குப் போன் வந்தது. அக்காவின் பேச்சு நாளுக்கு நாள் சுருங்கியது. முக்கால் மணி நேரம் கால் மணி நேரமாகி, அதற்கும் கீழே போனது. தன் நேரம் தனக்குத் திரும்புகிறது என்று அவனுக்குள் ஒரு மூலை கணக்குப் போட்டது. அந்த மூலையை நினைத்து வெட்கப்பட்டான்.

ஒரு நாள் அவள் எடுத்த எடுப்பிலேயே, "தம்பி, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்கிட மாட்டியே?" என்றாள்.

"கேளுக்கா."

"பூரணி சொன்னா. மெட்ராஸ்ல இப்ப ஆளுக்குப் பதிலாப் பேசுததுக்கு ஒரு மெசினு வந்திருக்காம்லா. அவுங்க கொரல்லயே பேசுமாம். வித்தியாசமே தெரியாதாம். நீ எனக்கு அப்படி ஏதும் வச்சிருக்கியா?"

நாயகம் கையில் இருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தான்.

"ஏன்க்கா அப்படிக் கேக்க?"

"காதுகுத்து முடிஞ்சு போனதுலருந்து நீ நீயாவே இல்ல. எதைச் சொன்னாலும் ம்முன்னு சொல்லுத. அப்படியான்னு கேக்குத. வக்கீலைப் பாப்போம்னு சொல்லுத. முன்ன எல்லாம் நீ இப்படியா பேசுவ? ஒரு வார்த்தை சொன்னா, அதுக்குள்ள போயி ஒம்பது கேள்வி கேப்ப. டீச்சரப் பத்திச் சொன்னா ஆமான்னு சொல்லுத, ஆனா ஒனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. அது எனக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றாள். "சோலி இருந்தாச் சொல்லிரு தம்பி. வாரத்துக்கு ஒருக்கப் பேசு, போதும். மெசினை மட்டும் எங்கிட்ட விட்டுராத."

இப்போது சொல்லலாம். வழியை அவளே திறந்துவிட்டிருக்கிறாள்.

"ஆமாக்கா," என்றான். "வச்சிருந்தேன். தப்புதான்."

"எம்புட்டு நாளா?"

தென்காசியில் இரண்டு அறை வீட்டில், மகளும் மருமகனும் தூங்கியபின் கண் விழித்துக் கிடக்கும் அக்காவை நினைத்தான். எந்தம்பி யோசிக்காமச் சொல்ல மாட்டான் என்று பிடித்துக்கொண்டிருக்கிறாள். அதை உருவிவிட்டால் அவளுக்கு என்ன மிஞ்சும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்காக யோசிக்கிறோமா, தனக்காகவா என்றும் தெரியவில்லை.

"இப்பக் கொஞ்ச நாளாத்தான்க்கா. ஊர்லருந்து வந்த பொறவு."

"அதானே பாத்தேன்!" அவளுக்கு மூச்சு வந்தது. "அப்ப அதுக்கு முந்தி எல்லாம் நீதான்லா? தென்காசிக்குப் போன்னு சொன்னது நீதான்லா?"

"நான்தான்க்கா."

"அது எனக்குத் தெரியாதா? மெசினு சொல்லுமா அதை?" என்றாள். "சரி விடு. சோலி கூடுதலானா மனுசன் என்ன செய்வான்? நீ அழுவுதியா? ஏல, நான் கோவிக்கல. இனிமே நீயே பேசு, என்ன? கொஞ்சமாப் பேசினாலும் போதும்."

"சரிக்கா."

மறுநாள் ஷீபாவைக் கூப்பிட்டு, அக்காவோடு நடந்த பேச்சு முழுவதும் வேண்டும் என்று கேட்டான். எல்லாமுமா சார், ரொம்ப நேரம் ஆகுமே என்றாள் அவள். சுருக்கி எழுதித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், அப்படியே அனுப்புங்கள் என்றான்.

காலையில் மெட்ரோவில் போகும்போது கேட்பான். மாலையில் மகிழோடு ஆடிவிட்டு வந்து, அக்காவோடு பேசி முடித்து, எல்லோரும் படுத்தபின் இன்னும் கொஞ்சம் கேட்பான். மாதக்கணக்கில் மிச்சம் பிடித்த அத்தனை மாலைகளும் வரிசையாக வந்தன. டீச்சர் யாரென்று தெரிந்தது. அக்காவுக்கு முழங்கால் வலி என்றும், அதை அவள் வேறு யாரிடமும் சொன்னதில்லை என்றும் தெரிந்தது. அவன் குரல் எங்கே பேசாமல் இருந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்பதையும் கவனித்தான். வேகமாக ஓடவிடும் பொத்தான் ஒன்று திரையில் இருந்தது. அதன்மேல் விரல் போகும்போதெல்லாம் கையை மடக்கிக்கொண்டான்.

ஒரு காலை, கிண்டியைத் தாண்டி வண்டி நெரிசலாகப் போய்க்கொண்டிருந்தது. காதுக்குள் அக்கா எதையோ நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தவள் நடுவில் நிறுத்தி, "ஏல, கேட்டுக்கிட்டுதான இருக்க?" என்றாள்.

"கேட்டுக்கிட்டுதான்க்கா இருக்கேன்," என்றான் நாயகம், வாய்விட்டு.

பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம் கழித்து, காதுக்குள் அவனுடைய குரலும் அதையே சொன்னது. அக்கா மேலே சொல்லத் தொடங்கினாள்.